நொடிக்கு இரண்டு மீட்டர்

எங்கள் ஸ்கேன் அறையில் வருஷம் முழுக்க மார்கழிதான். வெளியே மன்னார்புரம் நாலு ரோட்டில் தார் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே எம்.ஆர்.ஐ. மெஷினுக்குச் சூடு ஆகாது என்று ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். பதினெட்டு வருஷமாக அந்தக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, படுத்திருப்பவர்களின் உடம்புக்குள் நடப்பதைப் படம் எடுக்கிறேன். ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் சளிக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருப்பேன்.

நான் உட்காரும் இடத்துக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. படுத்திருப்பவர் மேஜையோடு அந்தக் குகைக்குள் போய்விட்டால் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிவது இரண்டு பாதங்கள்தான். அதனால் வந்தவர்களின் முகம் எனக்கு மறந்துபோகும், பாதம் மறக்காது. வயலில் நின்று வெடித்த குதிகால், மெட்டி அழுத்திய தழும்பு, செருப்பு வார் மறைத்ததால் வெளுத்த கோடு. பயந்தவர்களின் கட்டைவிரல் விறைத்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் பயம் போனால் அதுவாகச் சாய்ந்துவிடும். விரல் மட்டும் வெளியே தெரிய ஒவ்வொருவருக்கும் கம்பளியைப் போர்த்திவிட்ட பிறகுதான் கதவைச் சாத்துவேன்.

மார்பைப் படம் எடுக்கும்போது பதினைந்து இருபது வினாடி மூச்சை அடக்க வேண்டும். மெஷினோடு வந்த குரல் ஒரு வெள்ளைக்காரம்மாவுடையது. அது இங்கிலீஷில் மூச்சை இழுக்கச் சொன்னதும் லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர்கள், "என்னம்மா, எந்திரிக்கணுமா?" என்று உள்ளேயிருந்து கேட்பார்கள். எடுத்த படமெல்லாம் பாழ். கடைசியில் என் குரலையே பதிவு செய்து போட்டார்கள். "மூச்ச நல்லா உள்ள இழுங்க. அப்படியே நிறுத்துங்க. இப்ப விடுங்க." வீட்டில் யாரிடமும் நான் அவ்வளவு பதமாகப் பேசியதில்லை என்று என் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்குப் பிடித்தது ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி குடைக் கைப்பிடி போல மேலே ஏறி, வளைந்து, முதுகை ஒட்டிக் கீழே இறங்குகிறது. அதைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல ஒரு படம் எடுத்தால், அசையாதது எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். மேலே ஏறும் ரத்தம் வெள்ளை. கீழே இறங்கும் ரத்தம் கறுப்பு. ஒரு துடிப்பை முப்பது படமாக எடுத்து வரிசையாக ஓடவிட்டால், சாம்பல் நிற மார்புக்குள் ஒரு வெள்ளை வட்டமும் ஒரு கறுப்பு வட்டமும் மலர்ந்து அடங்கும், மறுபடி மலரும். சத்தமே இருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அரையிருட்டில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது யாருடைய மார்பு என்பதுகூட மறந்துபோகும். எத்தனையோ நாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கி, கண்ணுக்குள் அந்த வட்டங்கள் துடிக்க, இறங்க வேண்டிய ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தாண்டி விழித்திருக்கிறேன்.

இந்த ஸ்கேனில் ஒரு சங்கதி உண்டு. ரத்தம் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று மெஷினுக்கு நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த வேகத்துக்குள் ஓடினால் சரியாக அளக்கும். தாண்டி ஓடினால், தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளாது. ரத்தம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று காட்டிவிடும். காந்தி மார்க்கெட்டில் தொங்கவிடும் வட்டத் தராசில் அளவுக்கு மீறி மூட்டையை மாட்டினால் முள் ஒரு சுற்று சுற்றி வந்து ஒரு கிலோவில் நிற்குமே, அந்தக் கதைதான். ஆகவே இறங்கும் ரத்தத்தின் கறுப்பு வட்டத்துக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று முளைத்தால், ரத்தம் திரும்பி ஏறுகிறது என்று நினைக்கக் கூடாது. நாம் சொன்ன வேகம் பத்தவில்லை என்று புரிந்துகொண்டு, கூட்டி வைத்து மறுபடி எடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

என் மகளின் பாதங்களையும் ஒரு நாள் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

எங்கள் வீடு சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில். மேலே மொட்டை மாடி. மே மாதத்தில் அதை வீடு என்று சொல்வது மரியாதைக்குத்தான், உண்மையில் அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டு நானும் அவளும் வெறுந்தரையில் படுப்போம். படுத்ததும் அவள் இரண்டு பாதங்களையும் கொண்டுவந்து என் வயிற்றில் வைத்துவிடுவாள். அப்பா, அந்தக் குளிர்ச்சி. பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி இருக்கும். குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். தலையும் முகமும் கொதிக்கும், கால் மட்டும் சில்லென்று இருக்கும். ஐஸ் கால் என்று பேர் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எங்கள் வீட்டு ஏ.சி. என்று பெருமை பீற்றிக்கொண்டதும் உண்டு. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவர் வியர்த்து விறுவிறுத்து வந்து, "பாப்பா, ஒரு காலை இந்தப் பக்கமும் நீட்டு. உங்கம்மாவே ரெண்டையும் எடுத்துக்கிட்டா எப்படி?" என்பார்.

ஓடினால் கெண்டைக்கால் இழுக்கிறது என்று அவள் ஏழாவது படிக்கும்போதே சொன்னாள். "ஸ்கூலுக்குப் போறதுன்னா மட்டும் உனக்குக் கால் இழுக்குமே" என்று நான் சொன்னேன். எனக்கு வாய் நீளம். இன்றைக்கும் அந்த வாக்கியம் என் காதில் என் குரலிலேயே கேட்கிறது.

கல்லூரி கடைசி வருஷத்தில் அவளுக்குப் போலீஸ் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்ற ஆசை வந்தது. வந்தால் வந்ததுதான், என்னைப் போல. விடியற்காலையில் எழுந்து மைதானத்துக்கு ஓடப் போனாள். மற்ற பெண்கள் நாலு சுற்று ஓடும்போது இவள் இரண்டாவது சுற்றிலேயே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளாம். பயிற்சி கொடுத்த அம்மா, டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் இனி ஓட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சர்டிபிகேட்தானே, அரை மணி நேர வேலை என்று நானே கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் அவள் கையில் பி.பி. பார்த்தார். நூற்று அறுபது. இருபது வயதுப் பெண்ணுக்கு நூற்று அறுபதா என்று வேறு கருவி எடுத்துவரச் சொன்னார். அதிலும் அதேதான். பிறகு அவளைப் படுக்க வைத்துக் காலில் பட்டையைச் சுற்றினார். நூறு. காலில் கையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு அந்த இரண்டு எண்களுக்கு அர்த்தம் தெரியும். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியில் எங்கேயோ சுருக்கம்.

"நீங்களே இந்த லைன்ல இருக்கீங்க. இவங்க காலை நீங்க தொட்டே பாத்ததில்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

"தினமும் தொட்டிருக்கேன் டாக்டர்" என்றேன்.

அவர் என் விரலைப் பிடித்து அவள் பாதத்தின் மேல் வைத்தார். "இங்க துடிக்கணும். தேடுங்க." தேடினேன். பழகிய பாதம், பழகிய குளிர்ச்சி. துடிப்பு மட்டும் இல்லை. வெகு ஆழத்தில் ஏதோ தட்டியது போல் இருந்தது, அது என் விரலின் துடிப்பாகவும் இருக்கலாம்.

பிறவியிலிருந்தே இருக்கிறது என்றார் டாக்டர். கை காலில் பட்டை சுற்றிப் பார்த்த எண்களை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது என்று எங்கள் இடத்திலேயே ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். சுருக்கத்துக்கு மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம் இருபதுக்குள் இருந்தால் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். இருபதைத் தாண்டினால் குழாயைத் திறந்துதான் ஆக வேண்டும். அப்படியே விட்டால் ஒரு நாள் மூளையிலோ இதயத்திலோ போய் முடியும். இதையெல்லாம் அவர் அவளைப் பார்த்தே சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான். "அப்புறம் நான் ஓடலாமா சார்?"

"முதல்ல நம்பர் வரட்டும்மா" என்றார்.

அந்த அழுத்த வித்தியாசத்தைத்தான் எங்கள் மெஷின் ரத்தத்தின் வேகத்திலிருந்து சொல்லிவிடும். கணக்கு சுலபம். சுருங்கிய இடத்தில் ரத்தம் நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறதோ அதை அதாலேயே பெருக்கி, வந்ததை நாலால் பெருக்க வேண்டும். மூன்று மீட்டர் ஓடினால் முப்பத்தாறு. இரண்டு மீட்டர் ஓடினால் பதினாறு. பதினாறு என்றால் மாத்திரையோடு போய்விடும். ஸ்கேனுக்கு முந்தைய நாலு நாளும் அந்தப் பதினாறு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. குக்கர் விசிலைப் பதினாறு வரைக்கும் எண்ணி, பருப்பைக் கூழாக்கினேன்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு அவளுக்கு நேரம் கொடுத்திருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் பாலக்கரை அண்ணன் என்னைவிட ஆறு வருஷம் மூத்தவர். நிதானமானவர். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு என்றால் கோயில் பூசை பார்த்துவிட்டுத்தான் வருவார். சொந்தக்காரர்களை ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால் மற்றவரிடம் விட்டுவிட வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த வழக்கம். அவருடைய மனைவிக்கு நான்தான் எடுத்தேன்.

"நீ வெளிய உக்காரும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"என் பிள்ளைக்கு நான் பாக்காம வேற யாருண்ணே பாக்கறது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவளைப் படுக்க வைத்து, மார்பில் கம்பிகளை ஒட்டி, காதுக்குப் பஞ்சு வைத்து, கம்பளியைப் போர்த்தினேன். கொலுசைக் கழற்றி என் ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன். "குளிருதாடி?" என்று கேட்டேன். "எனக்கென்ன, நான் ஐஸ் காலு" என்றாள். அவள் கட்டைவிரல்கள் விறைத்து நின்றன.

முதல் மூச்சு வீணாகப் போயிற்று. படம் முழுக்க அலை அலையாக இருந்தது. மைக்கில், "என்னடி பண்ற உள்ள?" என்றேன். "அம்மா, நீ என்ன வாங்க போங்கன்னு பேசற. சிரிப்பு வந்துருச்சு" என்றாள். பதிவு செய்த என் குரல் அவளையும் மற்றவர்களைப் போலத்தான் மரியாதையாக மூச்சு விடச் சொல்லியிருந்தது. பின்னால் அண்ணனும் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் உடம்பு இளகியது.

பிறகு ஓட்டத்தை அளக்கும் படம். வேகம் எவ்வளவு என்று மெஷின் கேட்டது. சுருக்கம் இருக்கும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு மூன்று, மூன்றரை மீட்டர் வைப்பேன். பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாகச் செய்யும். அன்றைக்கு என் கை இரண்டு என்று அடித்தது. அடித்தது கை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். நான்தான் அடித்தேன். மெஷினுக்கு அளவு சொல்ல வேண்டிய இடத்தில் நான் வேண்டுதல் வைத்தேன்.

டக டக டக என்று மெஷின் அடித்து ஓய்ந்தது. படம் வந்தது. அவளுடைய மார்பு. நான் பெற்ற உடம்பின் உள்பக்கத்தை முதல்முறையாகப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு வெள்ளை வட்டம் மலர்ந்து அடங்கியது. அதற்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி ஒரு சின்னக் கறுப்பு வட்டம். நான் பார்த்துப் பழகியதைவிட மிகவும் சின்னது. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தக் கறுப்பின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி திறந்தது, மூடியது, திறந்தது. அழகாக இருந்தது. அந்த அரையிருட்டில், ஏ.சி. இரைச்சலில், எனக்குக் கண் சொக்கியது போல் ஆகிவிட்டது. ஏதோ கொஞ்சம் ரத்தம் திரும்பி மேலே போகிறது, சுழல் போல, போகட்டும், அதனால் ஒன்றும் இல்லை, மற்றதெல்லாம் இரண்டுக்குள்தானே இருக்கிறது என்று என் மனசு ஒரு தாலாட்டைப் பாட ஆரம்பித்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் என் பெண்ணுக்கு நோயே இல்லை.

"வேகம் பத்தலம்மா" என்றார் அண்ணன், பின்னாலிருந்து, மெதுவாக.

எனக்குத் தெரியும். எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரியும். "தெரியும்ண்ணே" என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மூன்றரை என்று மாற்றினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கட்டைவிரல்கள் சாய்ந்திருந்தன. தூங்கிப்போய்விட்டாள் போல.

மறுபடி என் குரல் அவளை எழுப்பி மூச்சை இழுக்கச் சொன்னது. மறுபடி படம். இந்த முறை வெள்ளைப் புள்ளி இல்லை. அந்த இடத்தில் கறுப்பிலும் கறுப்பாக ஒரு பொட்டு. நொடிக்கு இரண்டு புள்ளி ஒன்பது மீட்டர். கணக்குப் போட எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. முப்பத்து மூன்று சொச்சம்.

அண்ணன் என்னை எழுப்பி வேறு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மிச்சத்தை அவரே எடுத்தார். சுருக்கத்துக்குச் சற்றுக் கீழே ஓட்டத்தை அளந்தார். பிறகு வயிற்றுக்கு மேல், விலா முடியும் இடத்தில் அளந்தார். சாதாரணமாகக் கீழே போகப் போக ஓட்டம் குறைய வேண்டும், வழியில் கிளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே போவதால். அவளுக்குக் கீழேதான் அதிகம். நடுவில் எங்கிருந்தோ ரத்தம் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கிருந்து என்பது அடுத்த படத்தில் தெரிந்தது. விலா எலும்புகளுக்கு அடியில், நூல் போல இருக்க வேண்டிய குழாய்கள் பென்சில் தடிமனுக்கு நெளிந்து நெளிந்து கிடந்தன. தோளிலிருந்து, மார்பிலிருந்து, சுற்று வழியாக ரத்தத்தைக் கொண்டுவந்து சுருக்கத்துக்குக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தன. இருபது வருஷமாக.

"பிள்ளை உடம்பு சும்மா இல்லம்மா. பாரு, எத்தனை வழி தேடியிருக்கு" என்றார் அண்ணன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

மத்தியானம் இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியது. ஆற்றில் தண்ணீர் இருந்தது, அவசரமில்லாத தைமாதத் தண்ணீர். அவள் ஜன்னல் ஓரம். நான் விலா எலும்புக் குழாய்களைப் பற்றிச் சொன்னேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பாலத்தை ரிப்பேருக்கு மூடினாங்களே, அப்ப நாம பைபாஸ் வழியா சுத்திக்கிட்டுப் போனோமே, அது மாதிரியா?" என்று கேட்டாள். அதே மாதிரிதான் என்றேன். அந்த மாதங்களில் நாங்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தோம், வேலைக்குப் போனோம், பள்ளிக்கூடம் போனோம். ஆனால் தாமதமாக, களைத்துப்போய். போகப் போக அதுவே பழகிவிட்டது.

பாலம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வேகத்தைக் குறைத்து வைத்ததைச் சொன்னேன். வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்னைப் பாஸ் பண்ண வைக்க கொஸ்டின் பேப்பரை ஈஸியா போட்டியா?"

"ஆமாடி."

"பிட்டு அடிச்சு நான் போலீஸ் ஆனா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அம்மா மண்டபம் தாண்டும்போது அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். என் புடவை நனைந்த பிறகுதான் தெரிந்தது.

மாசி முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொடை வழியாக ஒரு கம்பியைச் செலுத்தி, சுருங்கிய இடத்தில் பலூனை ஊதி, வலைக் குழாய் ஒன்றைப் பதிக்கும் வைத்தியம். ஸ்டென்ட் என்பார்கள். அதற்கு முன்னால் ஒரு நர்ஸ் வந்து அவள் பாதத்தில் துடிப்பைத் தேடினார். கிடைத்த இடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போட்டு வைப்பது அவர்கள் வழக்கம். பிறகு வந்து பார்க்கும்போது தேட வேண்டாம் இல்லையா. அந்த நர்ஸ் வெகுநேரம் தேடினார், இரண்டு பாதத்திலும். கடைசியில் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நாலு மணி நேரம் கழித்து அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. அதே நர்ஸ் வந்தார். விரலை வைத்தார். உடனே எடுத்தார். பேனாவைத் திறந்து வலது பாதத்தில் ஒரு பெருக்கல் குறி, இடது பாதத்தில் ஒரு பெருக்கல் குறி. "தொட்டுப் பாருங்க" என்று எனக்கு இடம் விட்டார். நீல மையின் மேல் விரலை வைத்தேன். தட்டியது. எனக்கு யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த அம்மா, சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். நான் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளைக் கட்டிலில் படுக்கச் சொல்லியிருந்தார்கள். குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. பெருக்கல் குறிகள் நாலாவது குளியலில் மறைந்தன. நான் தரையிலும் அவள் கட்டிலிலுமாகப் பங்குனி போயிற்று, சித்திரை வந்தது. அவள் காலைத் தொட எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. இருபது வருஷம் தொட்டும் ஒன்றும் கண்டுபிடிக்காதவள் இனிமேல் தொட்டு என்ன ஆகப்போகிறது என்று.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். இந்த முறை நான் உள்ளே போகவில்லை. சொந்தக்காரர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் கொலுசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நாற்காலி இவ்வளவு மோசமாக இருக்கும் என்று பதினெட்டு வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"வேகம் எவ்வளவும்மா வைக்கட்டும்?"

அவருக்குத் தெரியாததா. ஆனாலும் கேட்டார்.

"மூணரையே வைங்கண்ணே" என்றேன்.

கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சுவர் வழியாக என் குரல் மங்கலாகக் கேட்டது. மூச்ச நல்லா உள்ள இழுங்க. நானும் இழுத்தேன். அப்படியே நிறுத்துங்க. நிறுத்தினேன். டக டக டக என்று மெஷின் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்ப விடுங்க என்று நான் சொல்லும் வரைக்கும் நான் விடவில்லை.

அண்ணன் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டென்ட் இருக்கும் இடம் படத்தில் இருட்டாகத்தான் தெரியும், அதற்கு மேலேயும் கீழேயும் அளந்தேன் என்றார். எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "ஒண்ணு புள்ளி ஆறு" என்றார். பத்து சொச்சம். விலாப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டிருந்த ரத்தம் குறைந்துவிட்டது என்றும் சொன்னார். பாலம் திறந்துவிட்டது.

டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். வருஷா வருஷம் வந்து காட்டச் சொன்னார், மறுபடி சுருங்கவும் வாய்ப்பு உண்டாம். இனித் தரையில் உட்காரலாம், படுக்கலாம், மெதுவாக நடக்க ஆரம்பித்து, ஆறு மாதம் கழித்து ஓடிப் பார்க்கலாம் என்றார். போலீஸ் வேலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்பதை அவரால் சொல்ல முடியாது. அதற்கு அவள், "அவங்க சொல்லட்டும் சார், நான் ஓடறேன்" என்றாள்.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். காவேரி வெறும் மணல். தயிர்சாதம் சாப்பிட்டோம். தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டு நான் படுத்தேன். கண் அசந்துகொண்டு வந்தது, கண்ணுக்குள் கறுப்பும் வெள்ளையுமாக வட்டங்கள். கட்டிலிலிருந்து அவள் இறங்கும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. பக்கத்தில் வந்து படுத்தாள். இரண்டு பாதங்களையும் தூக்கி என் வயிற்றில் வைத்தாள்.

குளிரப் போகிறது என்று வயிற்றை எக்கிக்கொண்டேன், பழக்கம். குளிரவில்லை. எல்லார் காலையும் போலச் சுட்டது.

"காலை எடுடி, புழுங்குது" என்று அரைத்தூக்கத்தில் என் வாய் சொல்லிவிட்டது.

"போச்சு. உன் ஏ.சி. ரிப்பேர்" என்றாள் அவள்.

எனக்குத் தூக்கம் கலைந்துபோயிற்று. இருபது வருஷமாக நான் கொஞ்சியது அவள் நோயை. பேர் வைத்துக் கொஞ்சினேன், ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அதைவிட வெட்கமான விஷயம், அந்த நிமிஷத்தில் கூட என் வயிறு அந்தக் குளிர்ச்சியைத் தேடியது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

அவள் காலை எடுக்கப் போனாள். நான் விடவில்லை. இரண்டு பாதங்களையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த மே மாத மத்தியானத்தில், வியர்க்க வியர்க்கப் படுத்திருந்தேன்.